ஏற்றத்தில் பாரம் இழுத்த கதை – டீசல் பிக்கப் வண்டிகள் குறித்துச் சில செய்திகள்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ராக்கி மலைத்தொடரின் மடியில், டில்லன் என்றொரு சிற்றூர் உண்டு. அதன் அருகே செல்லும் 70ஆம் எண் நெடுஞ்சாலையில் கிழக்கு நோக்கிப் புறப்பட்டால் ஏறத்தாழ 13 கிலோமீட்டர் தொலைவுக்கு ஏற்றமே. பல இடங்களில் சரிவு 7 விழுக்காடு; அதாவது நூறு மீட்டர் முன்னே சென்றால் ஏழு மீட்டர் மேலே சென்றிருப்போம். ஏற்றத்தின் முடிவில் மலையைக் குடைந்து அமைத்த ஐசனாவர் சுரங்கப்பாதை இருக்கிறது. 1973-இல் திறக்கப்பெற்ற அச்சுரங்கத்தின் வாயில் கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் உள்ளது. அம்மலைமுகட்டின் ஒருபுறம் விழும் மழைநீர் பசிபிக் கடலை நாடும். மறுபுறம் விழுவது அட்லாண்டிக்கை நாடும்.

இச்சாலையில் குதிரைகளை ஏற்றிய டிரெய்லர்கள், வைக்கோல் கட்டுகள் அடுக்கியவை, மண்வாரி இயந்திரங்களைச் சுமந்தவை, சமையலறையும் படுக்கையறையும் கொண்ட வீட்டு டிரெய்லர்கள் எனப் பலவும் ஏறிச் செல்லும். அவற்றுள் பலவற்றை இழுப்பவை லாரிகள் அல்ல, பிக்கப் வண்டிகள். நம்மூரில் பிக்கப் என்றதும் வாழைத்தார் ஏற்றி வரும் சிறு வண்டியே நம் நினைவுக்கு வரும். அமெரிக்கப் பிக்கப் வேறு இனம். அதில் கனரக வகை என்று வழங்குவது மூன்று டன்னுக்கு மேல் தானே எடையுள்ளது. பின்புறத் தொட்டியின் நடுவே, பின் அச்சுக்கு மேலாக ஒரு கொக்கியைப் பொருத்தி, வாத்தின் கழுத்துப்போல் வளைந்துவரும் டிரெய்லரின் முன்கையை அதில் மாட்டிவிடுவர். 2019ஆம் ஆண்டு ராம் 3500 என்னும் பிக்கப்புக்கு அதனைச் செய்தவர்கள் அறிவித்த இழுவைத் திறன் 35,100 பவுண்டு. ஏறக்குறைய 16 டன்.

பள்ளிப் பிள்ளைகளைக் காலையில் இறக்கிவிட்டு வரும் ஒரு குடும்ப வண்டி, மாலையில் 16 டன்னை இழுத்துக்கொண்டு மலையேறும் நிலை எவ்வாறு வந்தது? அதற்கு யார் யார் என்னென்ன விலை கொடுத்தனர்? இவற்றையே இக்கட்டுரையில் காண முற்படுகிறோம்.

முதலில் ஒரு சிறு கணக்கு. வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து 10 டன் எனக் கொள்வோம். சாலை 6 விழுக்காடு ஏற்றம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஏறினால், ஒவ்வொரு நொடியிலும் அந்தப் பத்து டன் செங்குத்தாக ஒரு மீட்டர் உயர்கிறது. கிணற்றடியில் நாம் ஏற்றம் இறைத்ததும் இதே வேலைதான். இங்கே சாலுக்குப் பதில் ஒரு வீடு தொங்குகிறது, அவ்வளவே. அந்த உயர்த்தலுக்கு மட்டுமே சுமார் 130 குதிரைத்திறன் வேண்டும். சக்கரம் உருளும் தடை, எதிர்க்காற்று, கியர்ப்பெட்டியிலும் அச்சிலும் வீணாவது ஆகியவற்றையும் கூட்டினால் எஞ்சின் 180 முதல் 200 குதிரைத்திறன் வரை தந்தாக வேண்டும். அதுவும் ஒரு கணம் அன்று. ஏற்றம் முடியும்வரை இடைவிடாது தர வேண்டும். சமவெளியில் முந்திச் செல்லும்போது ஓர் எஞ்சின் பத்து நொடி முழுமூச்சாக உழைத்துவிட்டு ஓய்ந்துவிடும். மலையில் அந்த ஓய்வு இல்லை. எனவே ஏற்றத்தில் பாரம் இழுப்பது என்பது வலிமையைப் பற்றிய வினா மட்டுமன்று. காற்றையும் வெப்பத்தையும் பற்றிய வினா. எரிபொருளை எரிக்கக் காற்று எங்கிருந்து வரும்? எரித்தபின் மிஞ்சும் வெப்பமும் புகையும் எங்கே போகும்? பிக்கப் வண்டிகளின் நாற்பதாண்டு வரலாறு முழுவதும் இவ்விரு வினாக்களையே சுற்றி வருகிறது.

ருடால்ஃப் டீசல் தம் எஞ்சினுக்கு 1892-இல் காப்புரிமை கோரி, 1897-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் அதனை வெற்றிகரமாக ஓட்டிக் காட்டினார். எரிபொருளில் அடங்கிய ஆற்றலில் ஏறத்தாழ 26 விழுக்காட்டை அது வேலையாக மாற்றியது. அக்கால நீராவி எஞ்சின்கள் நெருங்க முடியாத அளவு அது. தீப்பொறி தேவையில்லை, காற்றை மிக அழுத்தினால் அது பழுக்கக் காயும், அதில் எண்ணெயைச் சொரிந்தால் தானே பற்றும் என்பதே தத்துவம். 1905-இல் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஆல்ஃப்ரட் பூக்கி, வெளியேறும் புகையின் விசையைக்கொண்டே ஒரு விசிறியைச் சுழற்றி, உள்ளே செல்லும் காற்றைத் திணிக்கும் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். இன்று நாம் டர்போ என்று வழங்குவது அதன் வழிவந்ததே. மலைநாட்டுக்கு இஃது எவ்வளவு இன்றியமையாதது என்பதை ஐசனாவர் சுரங்கத்தின் வாயிலில் நின்றால் உணரலாம். அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குதான். டர்போ இல்லாத எஞ்சின் அவ்வுயரத்தில் தன் வலிமையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை இழந்துவிடும். ஏற்றம் எங்கே மிகக் கடுமையோ அங்கே மூச்சும் குறைகிறது.

இவ்வளவும் தெரிந்திருந்தும், அமெரிக்கப் பிக்கப்புகளில் முதலில் வந்த டீசல்களுக்கு டர்போ கிடையாது. 1970களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் டீசல் என்றாலே சிக்கனம் என்ற எண்ணம். வலிமையை யாரும் அதனிடம் எதிர்பார்க்கவில்லை. 1978-இல் ஜெனரல் மோட்டார்ஸ் வெளியிட்ட 5.7 லிட்டர் ஓல்ட்ஸ்மொபீல் டீசல் தலைப்பகுதிப் போல்ட்டுகள் தாங்காமல் ஹெட் கேஸ்கெட் பழுதாகி, டீசலின் பெயரையே அந்நாட்டில் கெடுத்தது. 1982-இல் 6.2 லிட்டர் எஞ்சின் ஒன்று வந்தது. 1983-இல் ஃபோர்டு, இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனத்தின் 6.9 லிட்டர் எஞ்சினை வாங்கிப் பொருத்தியது. இவை நாணயமாக உழைத்தன. ஆனால் மலை என்றதும் லாரிகளுக்குரிய மெதுப்பாதையில் ஒதுங்கித்தான் ஏறின. கலிபோர்னியாவின் அசூசா நகரில் கேல் பேங்க்ஸ் என்பார் இவ்வெஞ்சின்களுக்கென்றே டர்போ தொகுதிகளைச் செய்து விற்றார். வண்டியை வாங்கியவரே தம் பட்டறையில் பொருத்திக்கொள்ளலாம். டீசல் பிக்கப்பைத் திருத்தி வலிவூட்டும் தொழிலின் தொடக்கங்களுள் ஒன்றாக இதனைக் கருதலாம். மலைக்குத் தேவையான மூச்சைத் தொழிற்சாலை தராதபோது சந்தை தந்தது.

திருப்பம் 1989-இல் நேர்ந்தது. டாட்ஜ் நிறுவனத்தின் பிக்கப்புகள் அப்போது விற்பனையில் பின்தங்கிக் கிடந்தன. அவ்வாண்டு அவர்கள் இந்தியானா மாநிலத்துக் கொலம்பஸ் நகரின் கம்மின்ஸ் நிறுவனத்திடமிருந்து ஓர் எஞ்சினைப் பெற்றுத் தம் வண்டியில் இறக்கினர். 5.9 லிட்டர், வரிசையாக ஆறு சிலிண்டர்கள், சிலிண்டருக்கு இரண்டு வால்வுகளாகப் பன்னிரண்டு. இது பிக்கப்புக்காகப் பிறந்த எஞ்சினே அன்று. கேஸ் என்னும் வேளாண் கருவி நிறுவனத்தோடு கூடி உருவாக்கப்பட்டது. டிராக்டரிலும் மண்வாரியிலும் நடுத்தர லாரியிலும் உழைத்துப் பழகியது. எடை அரை டன். உழவுக்குப் பழகிய எருதைக் குதிரைவண்டியில் பூட்டியது போன்ற காரியம்.

அதன் வலிமை 160 குதிரைத்திறன். இன்றைய நடுத்தரக் கார் ஒன்றுக்கு உள்ள அளவுதான். ஆயினும் அதன் முறுக்குவிசை 400 பவுண்டு-அடி, அதாவது சுமார் 540 நியூட்டன் மீட்டர். அதுவும் நிமிடத்துக்கு 1,700 சுற்றுக்குள்ளேயே கிடைத்தது. டர்போ பிறவியிலேயே உடன்வந்தது. எருதின் இயல்பு இதுவே: ஓடாது, ஆனால் நிற்கவும் நிற்காது. எனினும் நாம் மேலே போட்ட கணக்கை மறக்கலாகாது. பத்து டன், ஆறு விழுக்காடு, அறுபது கிலோமீட்டர் என்றால் 180க்கு மேல் வேண்டும். கையில் இருப்பதோ 160. எனவே அவ்வண்டி மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் அளவில் ஏறியது. குதிரை வளர்ப்போரும் கால்நடை விற்போரும் இதனை நன்கு உணர்ந்தனர். எஞ்சினின் உடற்கட்டு லாரிக்குரியது. எரிபொருளைத்தான் தொழிற்சாலை கட்டுப்படுத்தி வைத்திருக்கிறது என்பதும் அவர்களுக்கு விரைவில் புரிந்தது.

இதன்பின் நிகழ்ந்ததைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

டீசல் எஞ்சினுக்கு எத்துணை எரிபொருள் என்பதை முடிவு செய்வது பம்பு. 1989 முதல் 1993 வரையிலான வண்டிகளில் இருந்தது போஷ் நிறுவனத்தின் சிறிய சுழல் பம்பு. அதன் பின்புறத்தில் உள்ள ஒரு திருகைச் சற்றே உள்ளே முடுக்கினால் கூடுதல் டீசல் பாயும். 1994-இல் அதன் இடத்தில் பி7100 என்னும் பெரிய இன்லைன் பம்பு வந்தது. லாரிகளுக்கு உரிய பம்பு. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனிப் பிஸ்டன். அதன் வாய்ப்பூட்டு, உள்ளே இருந்த கையளவுகூட இல்லாத ஓர் இரும்புத் தகடு. தகட்டின் விளிம்பு எந்த வளைவில் வெட்டப்பட்டிருக்கிறதோ அந்த அளவுக்கே பம்பு எரிபொருளை விடும். அதனைக் கழற்றி அரத்தால் சிறிது தேய்த்து மாட்டினாலோ, முன்னே சற்று நகர்த்தினாலோ, அல்லது வேறு வளைவில் வெட்டிய தகட்டை வாங்கிப் பொருத்தினாலோ வலிமை ஐம்பது, எழுபது, நூறு குதிரைகள் ஏறும். கணினியும் இல்லை, மின்னணுப் பெட்டியும் இல்லை. ஓர் அரமும் ஒரு மாலைப்பொழுதும் போதும். அமெரிக்க ஊர்ப்புறத்து வண்டிக் கொட்டகைகளில் இந்தத் தகடு ஒரு தொன்மக்கதைப் பொருளாகவே ஆகிவிட்டதில் வியப்பில்லை.

ஆனால் டீசலைக் கூட்டுவது எளிது. காற்றைக் கூட்டுவது அரிது. காற்றுக்கு மிஞ்சிய டீசல் முற்றும் எரியாமல் கரும்புகையாகக் கக்கப்படும். எரிந்த பங்கோ புகையின் வெப்பத்தை ஏற்றிவிடும். திருத்திய வண்டி வைத்திருந்தோர் முதலில் வாங்கிய கருவி பைரோமீட்டர் என்னும் வெப்பமானி. புகைக்குழாயின் தொடக்கத்தில், டர்போவுக்கு முன்னே, ஒரு துளையிட்டு அதன் உணரியைச் செருகுவர். முகப்பு ஓட்டுநரின் கண்ணெதிரே இருக்கும். ஏற்றத்தில் நெடுநேரம் அம்முள் 1,250 ஃபாரன்ஹீட்டைத் தாண்டக் கூடாது என்பது அவர்களிடையே வழங்கிய எழுதா விதி. செல்சியஸில் அஃது ஏறத்தாழ 675. அலுமினியம் உருகுவது 660-இல். பிஸ்டன் அலுமினியத்தால் ஆனது. அடியிலிருந்து எண்ணெய் பீய்ச்சிக் குளிர்விப்பதால் பிஸ்டன் அந்த வெப்பத்தை எட்டாமல் தப்புகிறது. முள் எல்லை மீறி நெடுநேரம் நின்றால் தப்பாது.

முள் ஏறும்போது என்ன செய்வது? புதியவர் பெடலை இன்னும் அழுத்துவார். அனுபவம் உள்ளவர் ஒரு கியரை இறக்குவார். கியர் இறங்கினால் எஞ்சின் விரைந்து சுழலும், சுற்றுதோறும் காற்றை இழுப்பதால் மொத்தக் காற்று மிகும், டர்போவும் விழிக்கும், அதே வேலைக்குச் சுற்றொன்றுக்கு வேண்டிய டீசல் குறையும், முள் இறங்கும். வேகத்தில் பத்துக் கிலோமீட்டரை விட்டுக்கொடுத்தால் எஞ்சின் பிழைத்துக்கொள்ளும். நம் மலைப்பேருந்து ஓட்டுநர்கள் யாரும் சொல்லித் தராமலே அறிந்த நுட்பம் இது.

எஞ்சின் தாங்கினால் அடுத்தது தாங்கவில்லை. கூடிய முறுக்குவிசையில் கிளட்ச் வழுக்கியது. தானியங்கிக் கியர்ப்பெட்டியின் எண்ணெய் கொதித்தது. டர்போவின் அழுத்தத்தை மிகுத்தவர்களுக்கு ஹெட் கேஸ்கெட் வாய்பிளந்தது. அதனால் தலைப்பகுதிப் போல்ட்டுகளை எடுத்துவிட்டு வலிய மரைத்தண்டுகளை இறக்கினர். ஒன்றைத் திருத்தினால் ஒன்று இரந்து நின்றது. இவற்றோடு இவ்வெஞ்சினுக்குப் பிறவியிலேயே ஒரு கண்டமும் உண்டு. முன்புறப் பல்சக்கரப் பெட்டியை இடம்பார்த்துப் பொருத்துவதற்காக வைத்த விரலளவு எஃகு முளை ஒன்று, ஆண்டுக்கணக்கான அதிர்வில் மெல்ல மெல்ல வெளியே நகர்ந்து, ஒருநாள் பல்சக்கரங்களுக்கு நடுவே விழுந்துவிடுவதுண்டு. விழுந்தால் எஞ்சின் அழிந்தது. அதற்கு 'கொலைகார முளை' என்றே பெயர் வைத்தனர். அதனைத் தடுக்க வேண்டியதோ ஒரு சிறு தகடும் ஒரு போல்ட்டுமே. நூறு குதிரை கூட்டுவதற்கு முன் அந்தத் தகட்டை வைத்தவரே விவரமறிந்தவர் எனப்பட்டார்.

டர்போவிலிருந்து காற்றைக் கொண்டுசெல்லும் ரப்பர் இணைப்புகள் மிகை அழுத்தத்தில் பிதுங்கிக் கழல்வதும் உண்டு. நடு ஏற்றத்தில் அது நேர்ந்தால் வண்டி கரும்புகை கக்கிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். ஆகவே இருக்கைக்கு அடியில் மாற்று இணைப்பும் வளைப்பட்டையும் கொண்டுசெல்வர். இதைப் படித்தபோது நமக்கு ஔவையார் அதியமான் மகன் பொகுட்டெழினியைப் பாடிய புறநானூற்றுப் பாடல் நினைவுக்கு வந்தது. எருதுகள் இளையவை, வண்டியில் பாரமோ மிகுதி, பள்ளத்தில் இறங்கும்போதும் மேட்டில் ஏறும்போதும் என்ன நேருமோ என்று அஞ்சிய உப்பு வணிகர், வண்டிக்கு அடியில் சேம அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு போவார்களாம். தலைவன் அந்தச் சேம அச்சுப் போன்றவன் என்கிறார் புலவர். கொலராடோவின் குதிரை வணிகருக்கு உமணரைத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

இனி நிறுவனங்களின் பக்கம் வருவோம். திருத்துவோர் கையில் கிடைத்த வலிமையைக் கண்டபின் தொழிற்சாலைகளும் சும்மா இருக்கவில்லை. 2001-இல் ஜெனரல் மோட்டார்ஸ், இசுசுவோடு சேர்ந்து 6.6 லிட்டர் டூராமேக்ஸ் எஞ்சினை 300 குதிரைத்திறனோடு கொணர்ந்தது. ஃபோர்டு விடுமா? கம்மின்ஸ் விடுமா? 2021-இல் கம்மின்ஸ் எஞ்சினின் முறுக்குவிசை 1,075 பவுண்டு-அடி. 2023-இல் ஃபோர்டின் 6.7 லிட்டர் எஞ்சின் 500 குதிரைத்திறனும் 1,200 பவுண்டு-அடியும் தொட்டது. 1989-இன் 400 எங்கே, இந்த 1,200 எங்கே! அன்று பட்டறையில் அரம்பிடித்தவர் கனவிலும் காணாததை இன்று உத்தரவாதத்தோடு கடையில் வாங்கலாம்.

ஆயினும் எத்தனை டன் இழுக்கும் என்ற எண்ணை மட்டும் நெடுங்காலம் ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படியே அறிவித்து வந்தது. பொதுவான சோதனை கிடையாது. மலையில் ஏற்றிப் பார்த்தார்களா, எந்த வேகத்தில், எந்த வெயிலில் என்றெல்லாம் வாங்குபவர் கேட்க வழியில்லை. 2008-இல் வாகனப் பொறியாளர் சங்கம் ஜே2807 என்ற எண்ணில் ஒரு நெறிமுறையை வெளியிட்டது. அதன் உரைகல்லாக அமைந்தது அரிசோனா மாநிலத்தின் டேவிஸ் அணைக்கு அருகிலுள்ள ஏற்றம். கொலராடோ ஆற்றங்கரையில் புல்ஹெட் சிட்டி அருகே ஏறக்குறைய 170 மீட்டர் உயரத்தில் தொடங்கும் 68ஆம் எண் சாலை, 11.4 மைல் தொலைவில் ஏறக்குறைய 1,070 மீட்டருக்கு ஏறிவிடுகிறது. அடிவாரத்தில் வெயில் 100 ஃபாரன்ஹீட்டுக்குக் குறையக் கூடாது. குளிரூட்டி முழு அளவில் ஓட வேண்டும். முழுப் பாரத்தோடு மணிக்கு 40 மைலுக்குக் கீழே இறங்காமல் ஏற வேண்டும். பின்புறம் இரட்டைச் சக்கரம் உள்ள வண்டிக்கு 35 மைல். எச்சரிக்கை விளக்கு எரியலாகாது, எதுவும் உடையலாகாது. இதற்கு அப்பால் 12 விழுக்காட்டுச் சரிவில் நின்ற நிலையிலிருந்து முன்னும் பின்னுமாகப் பலமுறை புறப்பட்டும் காட்ட வேண்டும்.

குளிரூட்டி பற்றிய நிபந்தனையை நாம் மிகவும் சுவைத்தோம். ஏனெனில் கலிபோர்னியாவின் நீண்ட ஏற்றங்களில், எஞ்சின் சூடேறாதிருக்கக் குளிரூட்டியை நிறுத்துங்கள் என்று சாலையோரப் பலகையே வைத்திருக்கிறார்கள். ரேடியேட்டருக்கு ஊற்றத் தண்ணீர்த் தொட்டியும் உண்டு. பலகை ஊரறிந்த உண்மையைச் சொல்கிறது. நெறிமுறையோ, பலகையை மதியாமல் ஓட்டும் சராசரி மனிதனைக் கருதி எழுதப்பட்டது.

நெறிமுறை வந்துவிட்டது, பின்பற்றுவோர்? டொயோட்டா மட்டும் 2011ஆம் ஆண்டு வண்டிகளுக்கு அதனை ஏற்றது. விளைவு, அதன் டண்ட்ரா பிக்கப்பின் அறிவிக்கப்பட்ட இழுவை எண்கள் குறைந்தன. வண்டி மாறவில்லை; அளவுகோல்தான் மாறியது. உண்மை சொன்னவனுக்கு விளம்பரத்தில் நட்டம். 2013ஆம் ஆண்டு முதல் ஏற்பதாகச் சொல்லியிருந்த பெரிய நிறுவனங்கள், நீ முதலில் செய், பிறகு நான் என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றன. 2015 வாக்கில்தான் எல்லாரும் வழிக்கு வந்தனர். ஒரு நாட்டின் பொறியியல் வரலாற்றில் ஒரு மலைச்சாலை நடுவர் இருக்கையில் அமர்ந்தது நமக்கு மிகப் பிடித்த நிகழ்வு.

மேலே எழுப்பிய இரண்டாம் வினாவுக்கு இன்னும் விடை சொல்லவில்லை. மிஞ்சிய புகை எங்கே போகும்?

2006-இல் அமெரிக்காவில் கந்தகம் மிகக் குறைந்த டீசல் பரவலாக விற்பனைக்கு வந்தது. அதைத் தொடர்ந்து 2007 முதல் பிக்கப்புகளின் புகைக்குழாயில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி இடம்பெற்றது. பின்னர் நைட்ரஜன் ஆக்சைடுகளை மட்டுப்படுத்த யூரியாக் கரைசல் தெளிக்கும் அமைப்பும் சேர்ந்தது. வாங்கியவர்களின் புலம்பல் பெரிது. வடிகட்டி அடைத்துக்கொள்கிறது, டீசல் கூடுதலாகச் செலவாகிறது, பழுதானால் ஆயிரக்கணக்கான டாலர் என்றனர். இப்புலம்பலில் பொய் இல்லை. ஆனால் அவர்கள் கண்டுபிடித்த தீர்வு, அவ்வளவையும் வெட்டியெறிந்துவிட்டு வெறுங்குழாயை மாட்டி, கணினியின் நிரலை மாற்றி ஏமாற்றுவது. 1994-இல் தகட்டைத் தேய்த்தவருக்கும் இவருக்கும் வேறுபாடு உண்டு என்பதே நம் எண்ணம். அவருக்கு வேண்டியது மலையேறும் வலிமை. அவரும் புகை கக்கினார் என்றாலும், புகை அவருக்கு நட்டமே. இழுக்காமல் போன டீசலே கரும்புகை. பின்வந்தோரில் ஒரு சாரார், பாரமே இல்லாத வண்டியில், பக்கத்தில் செல்லும் மிதிவண்டிக்காரர் முகத்தில் கரும்புகையை வேண்டுமென்றே கக்குவதை ஒரு கேளிக்கையாகவே ஆக்கிக்கொண்டனர். மேலும், மலையில் பாரம் இழுப்பவருக்கு அந்த வடிகட்டி பெரும்பகை அன்று. கடும் உழைப்பில் எழும் வெப்பமே அதில் படிந்த கரியை எரித்துத் தூய்மை செய்யும். குறுந்தொலைவும் வெறும் ஓட்டமுமே அதனை அடைக்கின்றன. பாரம் இழுக்கத்தான் கழற்றினோம் என்ற வாதம் இங்கே வலுவிழக்கிறது.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020 நவம்பரில் ஒரு கணக்கை வெளியிட்டது. அதற்கு முந்தைய பத்தாண்டில் 5,50,000-க்கும் மேற்பட்ட டீசல் பிக்கப்புகளில் இவ்வமைப்புகள் அகற்றப்பட்டன. அவற்றின் ஆயுட்காலத்தில் 5,70,000 டன் நைட்ரஜன் ஆக்சைடுகள் மிகையாக வெளிவரும். அது 90 இலட்சம் பிக்கப்புகளைப் புதிதாகச் சாலையில் விட்டதற்குச் சமம் என்பது அதன் முடிவு. மலைசூழ் பள்ளத்தாக்கில் குளிர்காலப் புகைமூட்டம் தேங்கும் யூட்டா மாநிலத்தில், மருத்துவர்கள் அமைப்பொன்று தானே முன்வந்து, வண்டிகளை இவ்வாறு மாற்றி விற்றவர்கள் மீது வழக்குத் தொடர்ந்து 2020-இல் தீர்ப்புப் பெற்றது. நோயாளியின் மூச்சைக் கேட்பவர்கள் நீதிமன்றம் ஏற வேண்டியிருந்தது.

குற்றம் பட்டறையோடு நின்றதா என்றால், இல்லை. 2023 டிசம்பரில் அமெரிக்க நீதித்துறை கம்மின்ஸ் நிறுவனத்தோடு ஓர் உடன்பாட்டை அறிவித்தது. 2013 முதல் 2019 வரையிலான ராம் 2500, 3500 வண்டிகளில் ஏறத்தாழ 6,30,000 எஞ்சின்களில் புகைக்கட்டுப்பாட்டை ஏய்க்கும் நிரல்கள் இருந்தன என்பது குற்றச்சாட்டு. அபராதம் 167.5 கோடி டாலர். தூய காற்றுச் சட்டத்தின்கீழ் அதுவரை விதிக்கப்பட்ட உரிமையியல் அபராதங்களில் மிகப் பெரியது. யாரும் தீய நோக்கோடு செய்ததற்குச் சான்றில்லை என்று கூறிய நிறுவனம் தவற்றை ஒப்புக்கொள்ளவில்லை. அபராதத்தை மட்டும் ஒப்புக்கொண்டது. அரம்பிடித்த ஊர்ப்புறத்தானைப் பழித்து எழுதுவோர் இந்த எண்ணையும் அருகில் வைத்துப் படிப்பது நலம்.

இக்கம்மின்ஸ் நிறுவனத்தை 1919-இல் தொடங்கிய கிளெசி கம்மின்ஸின் வாழ்வில் ஒரு நிகழ்ச்சி உண்டு. டீசல் நம்பத் தக்கது என்று நாட்டுக்குக் காட்டுவதற்கு அவர் அரும்பாடு பட்டார். 1931-இல் அவருடைய டீசல் காரொன்று இண்டியானாபொலிஸ் 500 மைல் பந்தயத்தை ஓரிடத்திலும் நிற்காமல் ஓடி முடித்தது. அதே ஆண்டு டீசல் லாரி ஒன்றில் நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸுக்குத் தாமே புறப்பட்டார். நாடு முழுவதையும் கடந்து, மலைகளையெல்லாம் ஏறி, கடைசியாகக் கலிபோர்னியாவின் கஹோன் கணவாயில் இறங்கும்போது பிரேக்குகள் சூடேறிக் கைவிட்டன. அடிவாரத்தில் இருப்புப்பாதை, அதைக் கடந்துகொண்டிருந்தது ஒரு சரக்கு இரயில். நிறுத்த வழியில்லை. இரயிலின் கடைசிப் பெட்டி தண்டவாளக் கடவையை விட்டு நீங்கவும் லாரி பாய்ந்து கடக்கவும் சரியாக இருந்தது.

ஏற்றுவதற்குப் பயன்பட்ட எஞ்சினே இறங்கும்போது பிடித்து நிறுத்தவும் பயன்படலாகாதா என்ற எண்ணம் அன்று தோன்றி, அவரை விடவில்லை. சிலிண்டரில் காற்றை அழுத்துவதற்கு எஞ்சின் பாடுபடுகிறது. அழுத்தி முடித்த கணத்தில் வால்வைத் திறந்து அக்காற்றை வெளியே விட்டுவிட்டால், பட்ட பாடு திரும்பக் கிடைக்காது. எஞ்சின் ஒரு பெரும் தடையாகிவிடும். நிறுவனத்திலிருந்து ஓய்வுபெற்ற பின்பே இதனை அவரால் செய்து முடிக்க இயன்றது. ஜேக்கப்ஸ் என்னும் நிறுவனம் 1961-இல் அதனை விற்பனைக்குக் கொணர்ந்தது. உலகெங்கும் லாரி ஓட்டுநர்கள் ஜேக் பிரேக் என்று அழைப்பது அதுவே. பிக்கப் வண்டிகளுக்கு இதன் தம்பி போன்ற ஓர் ஏற்பாடு, டர்போவே புகை வெளியேறும் வழியைக் குறுக்கி எஞ்சினைப் பிடித்து நிறுத்தும் வகை, 2007-இன் 6.7 லிட்டர் கம்மின்ஸில் தொழிற்சாலையிலிருந்தே வந்தது. அதற்கு முன் பத்து டன்னை மேலே ஏற்றியவர்கள் அதனைக் கீழே கொண்டுவரப் பெரும்பாலும் பிரேக்கையும் தாழ்ந்த கியரையும் நம்பினர்.

ஐசனாவர் சுரங்கத்திலிருந்து மேற்கே டில்லன் பக்கம் இறங்கும் சாலையின் ஓரத்தில், பிரேக் இழந்த வண்டிகள் ஏறிப் புதைந்து நிற்பதற்கென்று சரளைக்கல் நிரப்பிய தடங்கள் அமைத்திருக்கிறார்கள். மலைச்சரிவில் மேல்நோக்கிச் செல்லும் அத்தடங்களும் ஒருவகை ஏற்றமே.